மூன்றாம் வகுப்பு நோட்டைக் கேட்டு வாங்குங்கள்: நெல்லையில் இருமொழித் தொடக்கப்பள்ளி தேடுவோருக்கு

பள்ளி பார்க்கப் போகிறவர்களை முதலில் எல்.கே.ஜி. வகுப்புக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி, மூலையில் சறுக்கு, குட்டி நாற்காலிகள். அதை வைத்து எந்தப் பள்ளியையும் எடைபோட முடியாது. எல்.கே.ஜி. எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது மூன்றாம் வகுப்பு நோட்டை. அதுவும் பொங்கல் கழிந்த பிறகு, பாதிக்கு மேல் எழுதித் தீர்ந்த அறிவியல் நோட்டை, சி.பி.எஸ்.இ. என்றால் சூழ்நிலையியல் நோட்டை. பள்ளியில் கேட்டால் பொறுக்கி எடுத்த நல்ல நோட்டைக் காட்டுவார்கள். உங்கள் தெருவிலேயே அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளை இருக்கும். அந்த வீட்டில் போய்க் கேளுங்கள், முடிந்தால் இரண்டு பிள்ளைகளின் நோட்டை.

இரண்டையும் அருகருகே வையுங்கள். கேள்வி பதில் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், பதில் கரும்பலகையிலிருந்து வந்தது என்று அர்த்தம். அது ஓரளவு எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். பிள்ளை சொந்தமாக எழுதிய வரி, தப்பும் தவறுமாகவாவது, எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு படம் வரைந்து தானே பெயர் குறித்தது, ‘எங்கள் வீட்டில்’ என்று தொடங்கும் மூன்று வரி, இப்படி ஏதாவது. நோட்டு முழுக்க ஒரு தப்புக்கூட இல்லை, ஒவ்வொரு பக்கத்திலும் ‘குட்’ என்று சிவப்பு மை என்றால் சந்தேகப்படுங்கள். எட்டு வயதுப் பிள்ளை தானே யோசித்து எழுதினால் தப்பு வராமல் இருக்காது.

பிறகு அந்தப் பிள்ளையிடம் நோட்டில் இருக்கிற ஒரு கேள்வியைத் தமிழில் கேளுங்கள். “செடிக்கு வெயில் எதுக்கு மக்கா?” பிள்ளை “பிளான்ட்ஸ் நீட் சன்லைட் டு பிரிப்பேர் ஃபுட்” என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். “பிரிப்பேர்னா என்ன?” என்று கேட்டால் முழிக்கும். “செடி எங்க சமையல் பண்ணும்?” என்று சிரிக்கும். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கட்டுகிற பள்ளியிலும் இது நடக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை செடியின் உணவு பற்றித் தெளிவாகச் சொல்லும். ஆனால் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. இரண்டுமே இருமொழிக் கல்வி இல்லை. ஒரு விஷயத்தை ஒரு மொழியில் படித்து, இன்னொரு மொழியில் சொல்லத் தெரிந்தால்தான் பள்ளி வேலை செய்திருக்கிறது.

பலகையில் எழுதியிருப்பதும் வகுப்பில் நடப்பதும்

நம்மூரில் ‘இருமொழிப் பள்ளி’ என்று தனியாக ஒரு வகை கிடையாது. அரசுத் தொடக்கப்பள்ளி, உதவி பெறும் பள்ளி, நர்சரி பிரைமரி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. என்றுதான் பலகை இருக்கும். எந்தப் பலகைக்குக் கீழேயும் நல்ல இருமொழி வகுப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு விசேஷம் உண்டு. ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த 1820ஆம் ஆண்டிலிருந்து மிஷன் பள்ளிகள் இங்கே வேர்விட்டவை. அதனால் இன்றைக்கும் சி.எஸ்.ஐ. திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளிகளும் கத்தோலிக்கரின் ஆர்.சி. பள்ளிகளும் கிராமம் கிராமமாக இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை அரசு உதவி பெறுபவை. பெரிய பள்ளிகளில் ஒரே காம்பவுண்டுக்குள், ஒரே பெயரில் இரண்டு பள்ளிக்கூடங்கள் நடப்பதைப் பார்க்கலாம். உதவி பெறும் தமிழ் வழிப் பிரிவுக்கு ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது. சுயநிதி ஆங்கில வழிப் பிரிவுக்கு நிர்வாகம்தான் கொடுக்கிறது, அதற்குத்தான் கட்டணம். பள்ளியின் நூறாண்டுப் பெயரைக் கேட்டுச் சேர்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த, இருபது வருடம் அனுபவமுள்ள டீச்சர் பல நேரம் தமிழ் வழிப் பிரிவில் இருப்பார். சுயநிதிப் பிரிவில் சம்பளம் குறைவு என்பதால் இளம் ஆசிரியைகள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். எல்லாப் பள்ளியிலும் இப்படி என்று சொல்ல முடியாது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி, “உங்கள் பள்ளிக்கு எத்தனை வயது?” என்பதல்ல. “ஒன்றாம் வகுப்பு மிஸ் இங்கே வந்து எத்தனை வருஷம் ஆச்சு?” என்பதுதான்.

அரசுப் பள்ளி என்றாலே தமிழ் வழிதான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2012-13இலிருந்தே அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டுவிட்டன. சில இடங்களில் இரண்டு பிரிவுக்கும் ஆசிரியர் ஒருவரே; ஒரே அறையில் இரண்டு வழிப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். இது குறையாகவும் முடியும், நன்மையாகவும் முடியும். ஆசிரியர் கெட்டிக்காரராக இருந்தால் நெல்லைச் சீமையிலேயே உண்மையான இருமொழி வகுப்பு அதுதான்.

இதோடு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரசுப் பள்ளிகளின் கீழ்வகுப்புகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பயிற்சி நூல் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளிக்குப் போனால் “என் பிள்ளை எந்த நிலையில் இருக்கான் டீச்சர், தமிழில் எது, இங்கிலீஷில் எது?” என்று கேட்கலாம். பதில் சட்டென்று வந்தால் அந்த டீச்சர் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கவனிக்கிறார்.

நர்சரி பிரைமரிப் பள்ளிகளில் ஒன்றைக் கவனியுங்கள். ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டைப் பெரிய பள்ளிகளில் இடம் தேடி அலைய வேண்டும். அது பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் சேர்க்கலாம். தெரிந்து சேர்க்க வேண்டும்.

இரண்டு மொழி எப்படி மோதிக்கொள்கின்றன

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பள்ளியின் தரம் தெரிவது இங்கேதான்.

ஆங்கிலத்தில் பேனாவுக்கான சொல்லின் முதலெழுத்தும் பந்துக்கான சொல்லின் முதலெழுத்தும் வேறு வேறு. தமிழில் எழுதிக் காட்டினால் இரண்டின் பெயரும் ‘பி’தான்! இந்த வரியை எழுதும்போதே சிக்கல் தெரிகிறது அல்லவா? நம் பிள்ளையின் காதுக்கும் அதே சிக்கல். ‘பழம்’ என்னும்போது வரும் ஒலியும் ‘கம்பு’ என்னும்போது வரும் ஒலியும் வேறு. ஆனால் எழுத்து ஒன்றே. எங்கே எந்த ஒலி என்பதைத் தமிழ் இடத்தை வைத்துத் தீர்மானிக்கிறது. க, ச, ட, த எல்லாமே அப்படித்தான். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசமே சொல்லின் பொருளை மாற்றிவிடும். அதனால் பிள்ளை இரண்டு எழுத்தையும் மாற்றி மாற்றி எழுதுவது மந்தம் அல்ல, கவனக்குறைவும் அல்ல. தமிழை ஒழுங்காகக் கேட்டு வளர்ந்த பிள்ளை செய்கிற தப்பு அது.

தெரிந்த டீச்சர் என்ன செய்வார்? பிள்ளையின் கையைத் தொண்டையில் வைக்கச் சொல்வார். பந்துச் சொல்லின் முதல் ஒலிக்குத் தொண்டை அதிரும், பேனாச் சொல்லின் முதல் ஒலிக்கு அதிராது. பிறகு வாய்க்கு முன்னால் ஒரு தாள் துண்டைப் பிடிப்பார். பேனாவுக்குத் தாள் ஆடும், பந்துக்கு ஆடாது. ஐந்து நிமிஷ வேலை. தெரியாத டீச்சர் அந்தச் சொல்லை இருபது முறை இம்போசிஷன் எழுதச் சொல்வார். பள்ளி பார்க்கப் போகும்போது ஒன்றாம் வகுப்பு மிஸ்ஸிடம் “இந்த ரெண்டு எழுத்தும் பிள்ளைங்களுக்குக் குழம்புமே, எப்படிச் சொல்லிக் கொடுக்கீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். முதல்வரின் பேச்சைவிட அந்தப் பதில் அதிகம் சொல்லிவிடும்.

தமிழ்ப் பக்கம் நம்மூருக்கே உரிய தொல்லை ஒன்று. நெல்லைச் சீமையில் ழகரம் பேச்சில் ளகரமாகிவிடும். வாளப்பளம், மளை, கிளவி. பிள்ளை காதில் கேட்டதைத்தான் எழுதும். ‘மளை’ என்று எழுதினால் அது நன்றாகக் கேட்டிருக்கிறது. வீட்டுப் பேச்சைக் கேலி செய்யாமல், எழுத்துக்கு ஒரு வழக்கு, பேச்சுக்கு ஒரு வழக்கு என்று பழக்க வேண்டும். “ஏலே, தமிழே ஒழுங்கா வரல, இதுல இங்கிலீஷ் வேற” என்று வகுப்பில் சொல்கிற ஆசிரியர் இருந்தால் அந்தப் பிள்ளை இரண்டு மொழியிலும் வாயை மூடிக்கொள்ளும். தமிழில் பேசினால் அபராதம் என்று விதி வைத்திருக்கிற பள்ளிகளுக்கும் இதே முடிவுதான். வீட்டிலிருந்து வருகிற ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் இருபது, முப்பது சொல்தான் இருக்கும். தமிழைத் தடுத்தால் அது ஆங்கிலத்துக்குத் தாவாது, மௌனத்துக்குப் போய்விடும். ஒண்ணுக்கு வருது என்று சொல்லக்கூட முடியாமல் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வகுப்பில் ஆங்கிலத்தையும் தமிழையும் எப்படிக் கலக்கிறார்கள் என்பதில்தான் பெரும்பாலான பள்ளிகள் சறுக்குகின்றன. வழக்கமாக நடப்பது, டீச்சர் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பார், உடனே அதைத் தமிழில் சொல்வார், அடுத்த வரி. கேட்க நன்றாக இருக்கும். பத்து நாளில் பிள்ளைகள் ஆங்கில வரியைக் கேட்பதையே விட்டுவிடும். கொஞ்சம் பொறுத்தால் தமிழ் வரும் என்று அவற்றுக்குத் தெரியும்.

வேலை செய்கிற முறை வேறு. நீர்நிலைகள் பாடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிஷம் முழுக்கத் தமிழில். உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருது? குழாய் என்பான் ஒருவன், போர் என்பாள் ஒருத்தி, சேரன்மகாதேவிப் பிள்ளை வாய்க்கால் என்னும், மானூர்ப் பிள்ளை குளம் என்னும். எல்லாவற்றையும் பலகையில் படமாகப் போடுவார். பிறகு ஆங்கிலப் பாடம், இடையில் தமிழ் இல்லாமல், படத்தையும் கையையும் காட்டிக்கொண்டே. பொருள் முன்பே தெரிந்துவிட்டதால் பிள்ளை சொல்லை மட்டும் பிடித்தால் போதும். கடைசியில் இரண்டு மூன்று பிள்ளைகள் எழுந்து தெரிந்த மொழியில் திரும்பச் சொல்லும். இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய ஆங்கில வழக்கில் குளத்துக்கு ‘டேங்க்’ என்றுதான் பெயர். நம் பிள்ளைக்கு டேங்க் என்றால் மொட்டைமாடியில் இருக்கிற கறுப்பு டேங்க். “ஃபார்மர்ஸ் யூஸ் டேங்க் வாட்டர்” என்று வாசித்துவிட்டு, விவசாயி மொட்டைமாடியிலிருந்து வயலுக்குக் குழாய் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். முதலில் தமிழில் பேசியிருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

கணக்கில் இன்னொரு ஓட்டை. ஆங்கில வழிப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லும். கடையில் “எழுபத்தொன்பது ரூபா” என்றால் எண்பத்தொன்பதா, அறுபத்தொன்பதா என்று திகைக்கும். முக்கியமாக எழுபது, எண்பது, தொண்ணூறு மூன்றும் குழம்பும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் தமிழில் ஐந்து எண்ணைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: 39, 79, 80, 89, 90. இரண்டு நிமிஷத்தில் அந்தப் பள்ளி தமிழை எவ்வளவு கவனிக்கிறது என்று தெரிந்துவிடும்.

2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் கட்டாயப் பாடம். ஆனாலும் வாரத்துக்கு எத்தனை பாடவேளை, யார் எடுக்கிறார் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தமிழ்ப் பாடவேளை எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைசி வேளையில் அடைத்து வைத்திருந்தால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை.

நேரில் போகும் நாள்

ஆண்டு விழா, ஓப்பன் டே அன்றைக்குப் போகாதீர்கள். செவ்வாய் அல்லது புதன், காலை பத்தரைக்குப் போங்கள். முதல் இடைவேளை அந்த நேரத்தில்தான் வரும். இடைவேளையில் பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை போடுகின்றன, விழுந்த பிள்ளையை யார் தூக்குகிறார், ஆயாம்மா எத்தனை பேர், எல்லாம் தெரியும். கழிப்பறையைக் கட்டாயம் பாருங்கள். தாழ்ப்பாள் பிள்ளை கைக்கு எட்டுகிறதா, தண்ணீர் வருகிறதா. தண்ணீர் வராத பள்ளியில் பிள்ளைகள் காலையிலிருந்து குடிப்பதையே நிறுத்திவிடும். சாயங்காலம் தலைவலி என்று வரும்.

வாசிப்பைச் சோதிக்க ஒரு சின்ன ஏற்பாடு. பாடப்புத்தகத்தில் இல்லாத நான்கு வரி தமிழில், நான்கு வரி ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். பள்ளி அனுமதித்தால் மூன்றாம் வகுப்பில் நடு வரிசைப் பிள்ளை ஒன்றிடம் வாசிக்கச் சொல்லுங்கள்; முன் வரிசையை அவர்களே தேர்ந்தெடுத்திருப்பார்கள். சொல் சொல்லாக விட்டு விட்டு வாசித்தாலும் பரவாயில்லை. முடித்ததும் “என்ன கதை?” என்று இன்னொரு மொழியில் கேளுங்கள். ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் சொன்னால் போதும். தமிழில் வாசித்ததை ஆங்கிலத்தில் இரண்டு துண்டு வாக்கியமாகச் சொன்னாலே நல்ல பள்ளி. அனுமதிக்கவில்லை என்றால் கோபப்பட வேண்டாம், அவர்களுக்கும் காரணம் இருக்கும். பள்ளி விடுகிற நேரம் வாசலில் நிற்கிற பெற்றோரிடம் கேளுங்கள்.

ஆசிரியர் தகுதியைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு உரியது தொடக்கக் கல்விப் பட்டயம், அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். பி.எட். முடித்தவர் சின்ன வகுப்புக்குப் பெரிய தகுதி என்று பலர் நினைக்கிறார்கள். பி.எட். ஆறாம் வகுப்புக்கு மேல் எடுக்கிறவர்களுக்கான படிப்பு. தொடக்க வகுப்புக்கு அது தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுப்பது தனி வித்தை. கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி தொடக்க வகுப்பில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். நாற்பத்தைந்து பிள்ளை அடைத்த வகுப்பில் மிஸ் தேவதையாகவே இருந்தாலும் ஒரு பிள்ளை வாசிப்பதைத் தினமும் கேட்க முடியாது.

கட்டடம் பற்றி ஒரே பத்தி. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். 2021 டிசம்பரில் நம் நெல்லையிலேயே ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, இந்த நான்கும் நடப்பில் இருக்க வேண்டும். அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்பதையும் பாருங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற அலுவலகத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காருங்கள்.

வேன், தூரம், ரூபாய்

தொடக்கப்பள்ளிக்குத் தூரம் பாதி முடிவு. டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வரைபடத்தில் பார்த்தால் கொஞ்ச தூரம்தான். காலை எட்டரைக்கு ஜங்ஷனையும் ஆற்றுப் பாலத்தையும் வண்ணார்பேட்டையையும் தாண்டிப் பாருங்கள். குலவணிகர்புரம் ரயில்வே கேட் வழியாக வருகிற வேன் என்றால் கேட் அடைத்த நாள் வேறு கணக்கு. வேன்காரர் சொல்கிற நேரத்தை நம்பாமல், ஒரு நாள் காலையில் பைக்கில் அந்த வேனுக்குப் பின்னாலேயே போய்ப் பாருங்கள். முதலில் ஏறுகிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் உங்கள் பிள்ளை எத்தனையாவது நிறுத்தத்தில் ஏறும் என்று கேளுங்கள். ஏழேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிற ஐந்து வயதுப் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்காது. பத்து மணிக்குச் சொல்லிக் கொடுப்பது எதுவும் ஏறாது. எங்கள் கணக்கில் முப்பது நிமிஷத்துக்கு மேல் வேன் பயணம் இருந்தால், அந்தப் பள்ளி பக்கத்துப் பள்ளியைவிட நிச்சயமாக மேலானது என்று தெரிந்தால்தான் சேர்க்கலாம்.

வேனில் மஞ்சள் நிறமும் பள்ளிப் பெயரும் மட்டும் போதாது. உதவியாளர் அம்மா, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், அவசர வழி எல்லாம் இருக்க வேண்டும். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்த உபயோக வண்டியில் பிள்ளைகளை ஏற்றினால், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கேள்வி எழும். மழைக்காலத்துக்கும் யோசியுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு, ஐப்பசி கார்த்திகையில் பள்ளி வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று எதிர்த்த டீக்கடையில் கேட்பதில் தப்பில்லை.

கட்டணம். தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க 2009 சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு இருக்கிறது. பள்ளிக்கு நிர்ணயித்த தொகை அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். நீங்கள் கட்டப்போவது அது மட்டும் இல்லை. புத்தகம், நோட்டு, சீருடை இரண்டு ஜோடி, ஷூ, வேன் பத்து மாதமா பன்னிரண்டு மாதமா, ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், ஆண்டு விழா உடை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, ஐந்து வருடத்தால் பெருக்குங்கள். இரண்டாவது பிள்ளை இருந்தால் இரண்டால். பிறகு அந்தத் தொகையை உங்கள் வருமானம் தாங்குமா என்று பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் கட்ட முடிந்து நான்காம் வகுப்பில் முடியாமல் போய்ப் பள்ளி மாற்றுவதுதான் பிள்ளைக்குப் பெரிய அடி. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். நன்கொடை வாங்குவதும், சேர்க்கைக்குப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதும் கல்வி உரிமைச் சட்டப்படி கூடாது.

அதே சட்டத்தில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. பிறப்புச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று எல்லாம் அறிவிப்பு வருவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். இ-சேவை மையத்தில் பதிந்துவிட்டு, விண்ணப்பக் கடைசி நாள் அன்றைக்கும் சான்று வராமல் தவிக்கிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். பாளையங்கோட்டைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது. இங்கே பெயர்பெற்ற பள்ளிகள் பலவும் அந்த வகை. அதனால் பட்டியலில் அவற்றைத் தேடி ஏமாற வேண்டாம்.

வயதும் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் ஜூலை 31க்குள் ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று ஆறு முடிந்திருக்க வேண்டும். ஆறு கேட்கிற பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், எல்.கே.ஜி.யைச் சீக்கிரம் தொடங்கி ஒரு வருடம் சும்மா காத்திருக்காதபடி இப்போதே கணக்குப் போடுங்கள்.

பின்னால் வரப்போகிற சலுகைகளை எண்ணிக் குழம்புகிறவர்களுக்கு ஒரு தெளிவு. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் பார்ப்பது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதைத்தான். தொடக்கப்பள்ளி தனியாரில் முடித்து ஆறாவதில் அரசுப் பள்ளிக்குப் போனாலும் அவை கைவிட்டுப் போகாது. ஆனால் தமிழ் வழியில் படித்தோருக்கான அரசு வேலை இட ஒதுக்கீடு 20 சதவீதம் அப்படி இல்லை. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிச் சான்று கேட்கிறார்கள். வீட்டில் அரசு வேலை நினைப்பு இருந்தால் இதை ஒன்றாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் யோசித்துப் பயனில்லை.

சேர்த்த பிறகு

முதல் இரண்டு மாதம் பிள்ளை வகுப்பில் ஆங்கிலம் பேசாமல் இருந்தால் பதற வேண்டாம். கேட்கிற காலம் அது. இரண்டாம் பருவம் முடியும்போதும் வகுப்பில் எந்த மொழியிலும் வாய் திறக்கவில்லை என்றால் மட்டும் கவனியுங்கள். இரண்டு மொழியால்தான் இப்படி என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். முதலில் காதைச் சோதியுங்கள். ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்கிற பிள்ளை, பின் வரிசையில் உட்கார்ந்து மந்தம் என்று பெயர் வாங்குவது அபூர்வமில்லை.

வீட்டில் உங்களுக்கு ஆங்கிலம் வராவிட்டால், தப்பாக ஆங்கிலம் பேசிப் பழக்க முயல வேண்டாம். நல்ல தமிழில் நிறையப் பேசுங்கள். இன்றைக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது, அப்புறம் என்ன ஆகும் என்று கேளுங்கள். தமிழில் நீளமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்தான் குறையும், யோசனை குறையாது. தினம் இருபது நிமிஷம் சத்தமாக வாசிப்பு, பத்து தமிழ், பத்து ஆங்கிலம். புத்தகம் இல்லையா, டவுன் பஸ் போர்டு போதும். தாழையூத்து ரயில் நிலையத்தில் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள். தமிழில் ழகரம் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் எல் என்ற எழுத்துதான் இருக்கும். ‘தமிழ்நாடு’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஏன் வேறு மாதிரி எழுதுகிறார்கள் என்று பிள்ளை கேட்டால், அன்றைக்கு நடந்த பாடம் பள்ளியில் நடக்காது.

இரண்டாம் வகுப்பு முடியும்போது, கோடை விடுமுறைக்கு முன்னால், மேலே சொன்ன நான்கு வரிச் சோதனையை உங்கள் பிள்ளைக்கே வையுங்கள். ஒரு மொழியிலாவது சரளமாக வாசித்தால் இன்னொன்று பின்னால் வரும்; பள்ளியை மாற்ற வேண்டாம். இரண்டிலும் எழுத்துக்கூட்டவே திணறினால் முதலில் வகுப்பு ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள், மூன்று மாதம் பாருங்கள். மாற்றுவது என்று முடிவானால் மூன்றாம் வகுப்பிலேயே மாற்றிவிடுங்கள். நான்கு, ஐந்தில் பாடம் கனத்துவிடும். அப்போது மொழிக்கு யாருக்கும் நேரம் இருக்காது. மாற்றுச் சான்றிதழ் கேட்கும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்குள்ள அடையாள எண்) சேர்த்து வாங்குங்கள். புதுப் பள்ளியில் முதலில் கேட்பது அதைத்தான். கட்டணப் பாக்கியைச் சான்றிதழில் குறிப்பிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. அலுவலகத்தில் இழுத்தடித்தால், எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.